வண்டிக் கொட்டகைக்காரரின் மகள்

மர்ஷூதாவைப் பெண் கேட்டுக் கற்பிட்டியிலிருந்து வந்தவர்கள் ஹாலில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் வாசலில் யாரோ ஸலாம் சொல்லும் சத்தம் கேட்டது. பெண்ணின் தாய் மர்ளியா எழுந்து போனாள். தெரியாத முகம்.

"ராத்தா, நான் றிஸானா. தில்லையடியில இருந்து வாறன். நாங்க மன்னார் ஆக்கள்," என்றாள் வந்தவள். "வண்டிக் கொட்டகை உசனார் காக்காட வீடு இதுதானே?"

அந்தப் பெயரைக் கேட்டதும் மர்ளியா ஹால் பக்கம் திரும்பிப் பார்த்தாள். உசனார் அவளுடைய வாப்பா. நுரைச்சோலையில் தென்னங்காணியொன்றில் கூரையில்லாத படக்கொட்டகை நடத்தியவர். இரண்டு இரும்புத் தூண்களுக்கு நடுவே பெரிய வெள்ளைச் சீலை. கதிரை, வாங்கு எதுவும் கிடையாது. மீன் லொறி, மாட்டுவண்டி, எதில் வந்தார்களோ அதிலேயே இருந்து படம் பார்க்கலாம். வெங்காயத் தோட்டக்காரர்கள் டிரக்டர் பெட்டியில் பாய் விரித்துக் குடும்பத்தோடு வருவார்கள். ஆனால் மத்ரஸாவில் அவளுக்குப் 'படக்காரன்ட மகள்' என்றுதான் பெயர். படம் ஹராம் என்று பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். தொண்ணூறில் கொட்டகை மூடப்பட்ட பிறகு அவள் அதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை.

ஹாலில் பேச்சு நின்றிருந்தது. மாப்பிள்ளையின் தாய் றிஷ்னா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல," என்றாள் மர்ளியா. "எங்கட வாப்பா தேங்கா வியாபாரம். நீங்க வீடு மாறி வந்திருக்கீங்க."

"மன்னிச்சுக்கங்க ராத்தா. உம்மா சரியான வருத்தத்தில படுத்த படுக்கையா இருக்கா. அந்த மனுசன அடக்கின கபுறு எங்க எண்டு கேட்டு வரச் சொன்னா. தம்பிய அனுப்பி துஆ கேக்க வைக்கணுமாம். வெறுங்கையோட வந்து இறங்கின நேரம் அவர்தானாம் இடம் தந்த. நான் அந்தக் கொட்டகையிலதான் பொறந்த."

றிஸானா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மர்ளியாவுக்கு எல்லாம் தெரியும். மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட சனம் தென்னைகளுக்கடியில் நிறைந்திருந்த அந்த நாட்களில், பிள்ளை பெற இருந்த ஒருத்திக்கு மறைப்புக் கட்டத் துணியில்லை என்று வாப்பா தூணில் ஏறிச் சீலையை இறக்கியதை அவள் பார்த்திருக்கிறாள். "இத வெட்டினா நாளைக்கு எதில படம் காட்டுற?" என்று உம்மா அழுதா. "அத நாளைக்குப் பாப்பம்," என்றபடி வாப்பா கத்தரிக்கோலை எடுத்தார். பிறகு அவர் படம் காட்டவேயில்லை. அந்தச் சனம் அந்தக் காணியிலேயே வருடக்கணக்கில் இருந்தது.

விருந்தாளிகள் போனதும் அவள் கணவன் லத்தீப் மெதுவாகச் சொன்னார்: "மாமாவுக்கு துஆ கேக்க வந்த பிள்ள. அதையுமா திருப்பி அனுப்புற?"

மர்ளியா அடுத்த நாள் காலையிலேயே லத்தீபைக் கூட்டிக்கொண்டு தில்லையடிக்குப் போய், விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தாள். றிஸானாவின் உம்மா கட்டிலில் படுத்திருந்தா.

"நேத்து நான் பொய் சொன்ன. நான்தான் உசனார்ட மகள்."

கிழவி அவள் கையைப் பிடித்துக்கொண்டா. "பரவால்ல மகள். வந்திட்டீங்கதானே."

அந்த வார்த்தை மர்ளியாவை இன்னும் குறுக வைத்தது. றிஸானா தேநீர் கொண்டுவந்து வைத்தாள், முகம் பார்க்கவில்லை. அவளுடைய தம்பியை லத்தீப் மையவாடிக்குக் கூட்டிப்போய் கபுறைக் காட்டினார்.

திரும்பி வந்ததும் மர்ளியா மாப்பிள்ளையின் தாய் றிஷ்னாவுக்குப் போன் எடுத்தாள். சம்பந்தம் முறிந்தாலும் முறியட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

"தெரியும் மர்ளியா," என்றாள் றிஷ்னா. "என்ட வாப்பா எங்களயும் மீன் லொறியில ஏத்திக்கிட்டு அங்க படம் பாக்க வருவார். அந்தச் சனத்துக்கு உசனார் செஞ்சதயும் சொல்லிச் சொல்லித்தான் எங்கள வளத்த. அவர்ட பேத்தி எண்டுதான் நாங்க உங்கட வாசலுக்கே வந்த. நீங்க இல்ல எண்டு சொன்ன நேரம் எனக்கு எங்க பாக்குற எண்டு விளங்கல்ல."

கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. ஆனால் றிஷ்னாவோடு கதைக்கும்போதெல்லாம் மர்ளியா நிலத்தைப் பார்த்துத்தான் கதைத்தாள்.