எட்டாம் பக்கத்து மாடி

பதிப்பகத்தின் மின்னஞ்சலை செல்போனிலேயே காட்டியிருக்கலாம். தமிழ்ச்செல்வி அதைத் தாளில் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். கலசப்பாக்கம் பக்கம் தொடக்கப்பள்ளி ஆசிரியை. தாளில் இருந்தால்தான் அவளுக்கு எதுவும் நடந்த மாதிரி. ஞாயிற்றுக்கிழமையும் ஏதோ பயிற்சி என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அது முடிந்து, இரண்டு பஸ் மாறி, மத்தியானம் மூன்று மணிக்கு ஆரணியில் என் கடைக்கு வந்து சேர்ந்தாள். சித்திரை வெயில். என் பக்கம் இருந்த ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

நான் பட்டுப்புடவைக்கு கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள். கட்டங்களை நிரப்பி நிரப்பி அன்னமும் மாங்காயும் ஆக்கித் தறிக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு வருஷமாக இதே பிழைப்பு. கண்ணை மூடினாலும் கட்டம்தான் தெரிகிறது. போன தீபாவளிக்கு இவள் வந்து, "கொழந்தைங்களுக்கு ஒரு கத எழுதிகினு இருக்கறேன் பரிமளா. ரெண்டு சிநேகிதிங்க ராத்திரி வானத்தப் பாக்கறாங்க. நீ படம் போடறியா?" என்று கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடை வேலை போக மிஞ்சின நேரத்தில் பதினாறு பக்கம் வரைந்தேன். அட்டையில் அவள் பெயருக்குக் கீழே என் பெயர் வரும். புடவையில் யார் என் பெயரைப் போடுகிறார்கள்?

"கதை பிடித்திருக்கிறது. படங்களில் இரண்டே திருத்தம்" என்று வாசித்தாள். வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கிற அதே குரல். "ஒன்று, நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே இடைவெளியில் வரிசையாக இருக்கின்றன. வானம் போல இல்லை."

சிரித்துவிட்டேன். புடவை முழுக்க ஒரே இடைவெளியில் புட்டா வைத்துப் பழகிய கை, வானத்திலும் வைத்துவிட்டது. நிலாவைக்கூட முந்தானை மாதிரி பக்கத்தின் ஓரமாகத்தான் போட்டிருந்தேன்.

"கலைச்சு உட்டுடறேன். அடுத்தது இன்னா?"

"எட்டாம் பக்கத்தில் ஒரு சிறுமி மாடியிலும் இன்னொருத்தி தெருவிலும் இருப்பது ஏன்? நட்பைப் பற்றிய கதை. இருவரும் மாடியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்."

எட்டாம் பக்கத்தைத் திறந்தேன். கதையில் அவள் எழுதியது இவ்வளவுதான்: அன்று கரண்ட் இல்லை, இருவரும் வானத்தைப் பார்த்தார்கள். எங்கே இருந்து என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. மாடிச் சுவரில் சாய்ந்து ஒருத்தி, கீழே கரண்ட் கம்பத்தோரம் நோட்டும் கையுமாக அண்ணாந்து பார்க்கிற ஒருத்தி. எத்தனை தடவை இந்தப் பக்கத்தைச் சரிபார்த்திருப்பேன், நாங்கள் நின்ற மாதிரியே வரைந்திருக்கிறேன் என்று ஒரு தடவைகூட உறைக்கவில்லை.

பிளஸ் ஒன் படித்தபோது அவள் எங்கள் ஊர் அரசு ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். சொந்த ஊர் படவேட்டுப் பக்கம், அப்பா அம்மா கூலி வேலை. சாயங்காலம் நோட்டு வாங்க எங்கள் தெருவுக்கு வருவாள். அவள் தலை தெரிந்ததுமே அம்மா என்னிடம், "தறி இருக்கற வூடு, பாவு நூல்ல கை பட்டா பட்டு கெட்டுடும்னு சொல்லு" என்பாள். எங்கள் சாதிக்காரர் வீட்டு சிவசங்கரி கொய்யாப்பழம் தின்ற கையோடு தறியைத் தாண்டி மாடிக்கு ஓடுவாள், அவள் கை பட்டால் அந்தப் பட்டு கெடாது. எனக்கு விஷயம் தெரியும். பதினாறு வயதில் நன்றாகவே தெரியும். மார்கழியில் ஆறரைக்கே இருட்டிவிடும், கரண்டும் போய்விடும். மேலிருந்து நான் பேச, கீழிருந்து அவள் பேச, ஹாஸ்டலுக்கு நேரமாகும் வரை நட்சத்திரம் எண்ணுவோம்.

கம்ப்யூட்டரில் ஒரு பெண்ணை மேலே ஏற்றுவது ஒரு வேலையே இல்லை. தெருவில் நின்றவளைப் பிடித்து இழுத்தேன். கம்பத்தை விட்டுக் கிளம்பி அந்தரத்தில் நின்றாள்.

"மேல ஏத்திடட்டுமா?" என்றேன்.

தமிழ்ச்செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எழுதும்போதே தெரியும். எங்க நின்னு பாத்தாங்கன்னு எழுத வரல. அப்படியே உட்டுட்டேன்."

"நா அன்னிக்கு அம்மாவ ஒரு வார்த்த கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணும்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. சொல்லிவிடுவாள் என்று பதினேழு வருஷமாக எதிர்பார்த்திருக்கிறேன் போல.

"மேல வேணாம்" என்றாள். "படிக்கறவங்களுக்கு நா உங்க வூட்டுக்கு வந்துகினு போயிகினு இருந்த மாதிரி ஆயிடும். என்னக் கீழயே உடு."

"ஒண்ணா இருக்கணும்னு கேக்கறாங்களே."

"அப்ப நீ எறங்கி வா."

அதற்கு மேல் பேச அவளிடம் தெம்பில்லை. தாளை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் தலை சாய்த்தவள் அப்படியே தூங்கிவிட்டாள். அந்தரத்தில் நின்றவளைக் கம்பத்தோரம் திரும்ப விட்டேன். மாடியில் இருந்தவளைப் பிடித்து மெதுவாகக் கீழே கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தேன்.

கைப்பிடிச் சுவர் மறைக்கும் என்று அவளை இடுப்பு வரைக்கும்தான் வரைந்திருந்தேன். தெருவில் அரை உடம்போடு நின்றாள். அவளுக்குக் கால் வரைய ஆரம்பித்தேன்.