வெர்காத்தின் கவசத்துக்கு ஒரு எஸ்டிமேட்

"வில்லனுக்கு மார்பு எத்தனை அங்குலம் சார்?" என்று கேட்டார் ஷேக் பரீத். அதிராம்பட்டினத்தில் ஃபைபர் படகு செய்கிறவர். அவர் கொட்டகையில் பாதி முடிந்த படகு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. ரெசின் பசை நெடியில் என் கண் இரண்டும் வழிந்தன. படத்தில் அந்த வில்லன் வெர்காத் நிமிர்ந்து நிற்கும்போது தோளுக்கு ஒன்றாக இரண்டு நிலா தெரியும். அந்தக் கணக்கில் பார்த்தால் மார்பு மன்னார்குடிக் கோயில் கதவு அகலம் இருக்க வேண்டும். "என் அளவுக்கே எடுத்துக்குங்க," என்றேன். பரீத் என்னை மேலும் கீழும் பார்த்தார். எழுபதை எட்டிப் பார்க்கும் வயசு, வளைந்த முதுகு, எட்டு முழ வேட்டி. "வில்லனுக்கு உடம்பு சரியில்லைங்களா சார்?" என்றார்.

இதற்கெல்லாம் காரணம் என் பையன் சூர்யபிரகாஷ். ஸ்வீடனில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரைக்குப் போன் பண்ணுவான். சாவித்திரி இருந்தவரை அவள்தான் பேசுவாள். நான் பின்னால் ஃபேனைக் கூட்டிக் குறைக்கிற சாக்கில் திரையைக் கடந்து போவேன், அவ்வளவுதான் என் வேஷம். அவள் போன பிறகு போன் எனக்கு வந்தது, பேச்சு வரவில்லை. சாப்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களா, மழை உண்டா. மூன்றுக்கும் ஆமாம் என்பேன். கத்திரி வெயிலில்கூட மழை உண்டு என்று சொல்லியிருக்கிறேன், அவன் கவனித்ததில்லை. ஸ்ரீரஞ்சனி எப்படி இருக்கிறாள் என்று நான் கேட்பேன். மருமகள். டூட்டியில் இருக்கிறாள் என்பான். மூன்று நிமிஷத்தில் திரை அணைந்துவிடும். அதற்கப்புறம் அடுத்த ஞாயிறு வரை இந்த வீட்டில் பேசுவது நானும் பிரஷர் குக்கரும்தான். அதுவே என்னைவிட விஷயத்தோடு பேசும்.

ஒரு ஞாயிறு, மழை உண்டா என்று கேட்டுவிட்டு, சும்மா ஒரு வார்த்தைக்குச் சொன்னான்: "நேத்து ஒரு படம் பாத்தேன்பா. வெர்காத்னு ஒரு வில்லன், வேற கிரகத்துக்காரன். உச்சந்தலைலேந்து உள்ளங்கால் வரைக்கும் கவசம். எங்க அப்பாகிட்ட குடுத்தா நட்டு போல்ட்டோட எஸ்டிமேட் போட்டுருவாருன்னு நெனச்சுக்கிட்டேன்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பொதுப்பணித்துறையில் என் சர்வீஸ் முழுக்க எஸ்டிமேட் போட்டவன். இந்த டெல்டாவில் நான் எஸ்டிமேட் போடாத மதகு ஒன்று இருக்கிறதென்றால் அது கரிகாலன் நேரடியாகப் பார்த்துக்கொண்ட வேலையாக இருக்கும். அன்றைக்கே அந்தப் படத்தைப் போனில் பார்த்தேன். உலகம் அழிகிற இடத்தில் எல்லோரும் அழுவார்களாம். நான் நிறுத்தி வைத்து, முழங்கால் தகட்டில் எத்தனை ரிவெட் என்று எண்ணினேன்.

அடுத்த ஞாயிறு பேச்சு இருபது நிமிஷம் ஓடியது. டைட்டானியம் தகடு, தேய்மானத்துக்கு நூற்றுக்கு ஐந்து, கண்ணில் எரிகிற சிவப்பு விளக்குக்குத் தனி வயரிங். சாமான் கொண்டுபோகும் தூரத்துக்குக் கூலி சேர்ப்போம், அதற்கு எங்கள் பாஷையில் லீடு என்று பெயர். மன்னார்குடி பஸ் ஸ்டாண்டிலிருந்து வெர்காத்தின் கிரகம் வரை லீடு போட்டதில் கால்குலேட்டர் கையெடுத்துக் கும்பிட்டது. சூர்யா விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம், ஆபீசில் மேலிடம் செய்கிற மாதிரியே, ஆட்சேபணை எழுப்பினான். "அவன் ஊர்ல அமில மழை பெய்யுதேப்பா. துரு பிடிக்காதா?" அதற்கு ஒரு வாரம். "மூக்கு அரிச்சா எப்படிச் சொறிஞ்சுக்குவான்?" அதற்கு இரண்டு வாரம். தொகை தொள்ளாயிரம் கோடியைத் தாண்டியது. நிஜத்தில் முந்நூறில் முடிந்திருக்கும். முடிக்க எனக்கு மனசில்லை.

ஒருநாள் கேட்டுவிட்டான். "மொத்தம் எவ்வளவுதான்பா ஆகும்? டோட்டல் சொல்லுங்க."

டோட்டல் போட்டு அடியில் இரண்டு கோடு இழுத்துவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது? சாப்பாடு, மாத்திரை, மழை. அந்த நேரத்தில் கைகொடுத்தது துறையின் வழக்கம். விலைப் பட்டியலில் இல்லாத வேலை வந்தால் அதில் கொஞ்சம் மாதிரிக்குச் செய்து பார்ப்போம். எவ்வளவு சாமான் இழுக்கிறது, எத்தனை ஆள் வேண்டும் என்று பக்கத்தில் நின்று பார்த்துத்தான் ரேட் கட்டுவோம். "கவசம் மாட்டுறதுக்குக் கூலி பட்டியல்ல கிடையாதுடா. மாதிரி செஞ்சு பாக்காம டோட்டல் போட்டா ஆடிட்ல மாட்டிக்குவேன்," என்றேன். அப்படித்தான் நான் பட்டுக்கோட்டை பஸ் பிடித்து, பரீத்தின் கொட்டகையில் கையைத் தூக்கிக்கொண்டு அளவு கொடுத்து நின்றது.

மார்பும் முதுகும் தோளும் விரல் நுனி வரை கையுமாக, வெள்ளிப் பெயிண்டில் வந்து சேர்ந்தது. பஸ்ஸில் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார் கண்டக்டர். முதுகில் நாலு கொக்கி, படகு மூடிக்குப் போடுகிற எவர்சில்வர் கொக்கி. அழுத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். "பூட்டு பின்பக்கம் சார். ஒத்தையா இருக்கும்போது போட்டுக்காதீங்க," என்று பரீத் இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

ஞாயிறு மூன்று மணிக்கு ஒத்தையாகத்தான் போட்டுக்கொண்டேன். வேறு எப்படி இருக்கிறேன் நான்? எனக்கு இடுப்பு பெல்ட் உண்டு. சாவித்திரி இருந்தவரை முதுகில் முட்டி கொடுத்து இழுத்து ஒட்டுவாள். இப்போது வயிற்றில் ஒட்டிக்கொண்டு அப்படியே சுற்றிப் பின்னால் தள்ளிவிடுகிறேன். கவசம் சுற்றாது. எனவே ரூம் கதவு நிலையில் முதுகைக் கொடுத்துச் சாய்ந்தேன். டக், டக், டக், டக். வேலை சுத்தம். கழற்றலாம் என்று கையைப் பின்னால் கொண்டுபோனபோது முழங்கை பாதிக்கு மேல் மடங்கவில்லை. உரசிப் பார்த்தேன், உலுக்கிப் பார்த்தேன், கட்டிலில் பக்கவாட்டில் விழுந்து கரப்பான்பூச்சி மாதிரி உதைத்துப் பார்த்தேன். பிரபஞ்சத்தையே நடுங்க வைத்த கவசத்துக்குள் எனக்கு வேர்த்து ஊற்றியது.

நாலரைக்குப் போன் அடித்தது. மேஜையில் சொம்பில் சாய்த்து வைத்திருந்தேன். ஃபைபர் விரலை அந்தத் திரை மதிக்கவில்லை. முதல் தடவை அடித்து ஓய்ந்துவிட்டது. இரண்டாம் தடவை குனிந்து மூக்கால் தள்ளினேன்.

"ஸ்க்ரீன் பூரா மூக்கா இருக்குப்பா," என்றான். நான் பின்னால் நகர்ந்தேன். பார்த்தான். அவன் சிரித்த சிரிப்பில் போனே சாய்ந்துவிடும் போலிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாருப்பா பின்னாடி பூட்டுனா?" என்றான்.

"நானேதான். நிலைல சாஞ்சேன்."

"கழட்டறதுக்கு?"

கையைப் பின்னால் மடக்கிக் காட்டினேன், பாதியில் நின்றது. அவன் சிரிப்பை நிறுத்தினான். வேறெங்கோ பார்த்தபடி சொன்னான். "எனக்கும் முதுகுல பிடிப்புப்பா. போன வாரம் பிளாஸ்திரியப் பிரிச்சு, ஒட்டுற பக்கம் மேல இருக்கற மாதிரி சேர்ல வச்சு, அது மேல சாஞ்சேன். கோணலா ஒட்டிக்கிச்சு. இன்னும் அப்படியேதான் இருக்கு."

"ஸ்ரீரஞ்சனி?"

"அவ இல்லப்பா. டிசம்பர்லேயே பிரிஞ்சு போயிட்டா."

சாப்பிட்டாயா என்று கேட்க வாயெடுத்தேன்.

"பால் ஊத்த ஆறு மணிக்கு விஜயம் வருவா. அவ கழட்டி விட்ருவா," என்றேன்.

"அதுவரைக்கும் லைன்ல இருங்க. வச்சுடாதீங்க."

போனை ஜன்னலோரம் நிறுத்தி வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனான். ஒரு தட்டு, ஒரு டம்ளர். முடிந்ததும் அதே தட்டை மறுபடி எடுத்துக் கழுவினான். நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன்; சாய முடியாது.

"கவசம் மாட்டுற ஐட்டத்துக்கு ஆள் ஒண்ணு போடட்டுமா, ரெண்டா?" என்றேன்.

"ஒண்ணு போதும்பா," என்றான் திரும்பாமல்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. லைட் போட எழுந்திருக்கவில்லை. வாசலில் சைக்கிள் நிற்கும் சத்தமும், கேட் கொக்கியும், அப்புறம் விஜயத்தின் குரலும் கேட்டன. "சார், பாலு."

அவள் வரும்வரைக்கும்தானே லைன்? நான் குரல் கொடுக்கவில்லை. திரையில் சூர்யாவின் கை குழாயடியில் அப்படியே நின்றது. கேட்டிருக்கிறான். "சார்," என்று இன்னொரு தரம் கூப்பிட்டாள் விஜயம். அவன் சத்தம் வராமல் குழாயை மூடிவிட்டு வந்து போனுக்கு முன்னால் உட்கார்ந்தான். அங்கே இன்னும் பகல். அந்த வெளிச்சம் போன் வழியாக, உள்ளங்கை அகலத்துக்கு, என் வெள்ளி மார்பில் விழுந்துகொண்டிருந்தது.