கிரீட்டாவின் குரல்

டெனிஸ் சிரித்த சிரிப்பில் மேசைமேல் இருந்த சோடா டப்பா உருண்டு என் மடியில் கொட்டியது. மைக்குக்கு முன்னால் அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு, நாற்காலியில் சரிந்து, "போதும்டி, போதும்டி" என்று கையை ஆட்டினாள். நான் ஒன்றும் நீளமாகச் சொல்லிவிடவில்லை. "என் மக வீட்டை விட்டுப் போயிட்டா. பூனையையும் தூக்கிட்டுப் போயிட்டா. பூனை மட்டும்தான் திரும்பிப் பார்த்துச்சு." இவ்வளவுதான்.

அவ்வளவும் நிஜம். அதுதான் தொல்லை.

எங்கள் பாட்காஸ்டில் கடைசியாக வரும் பகுதிக்குத் 'தட்டை நிமிடம்' என்று பெயர். அந்த வாரம் நடந்த ஏதாவது ஒன்றை, முகத்தில் ஒரு சதை ஆடாமல், குரல் ஏறாமல் இறங்காமல், நாங்கள் கொண்டாடும் கார்ட்டூன் பெண் கிரீட்டா பேசுவதுபோலச் சொல்ல வேண்டும். கொஞ்சம் நிஜம் இருக்கும், மீதி ரீல். கேட்பவள் சிரித்துவிட்டால் தோற்றாள், அடுத்த வாரம் டோனட் அவள் செலவு. எப்போதும் நான்தான் சிரித்துத் தோற்பேன், நான்தான் வாங்கி வருவேன். அன்றைக்கு முதல்தடவையாக ஜெயித்துவிட்டு, பார்மா ஊரில் டெனிஸ் வீட்டு நிலவறையில், ஈரப் பாவாடையோடு உட்கார்ந்திருந்தேன். நிஜம்தான் டெனிஸ் என்று சொல்ல வாயெடுத்தேன். "டோனட்ல கிரீம் வச்சது வாங்கிட்டு வா" என்றுதான் வந்தது. அவளுக்கு மறுபடி சிரிப்பு பொத்துக்கொண்டது.

'கிரீட்டா நலம்' வந்தபோது நாங்கள் பத்தாம் வகுப்பில் இருந்தோம். கேபிளில் ஓடிய கார்ட்டூன். சாம்பல் நிற மழைக்கோட்டு, அரைக்கண் பார்வை, எதற்கும் அசராத பதினாறு வயதுப் பெண். பள்ளிக்கூடமே கால்பந்துக்காகக் கத்திக்கொண்டிருக்கும், அவள் ஒற்றை வரி சொல்வாள், அத்தனை பேரும் மடையர்களாகிப் போவார்கள். எங்களுக்கு அது மருந்து மாதிரி இருந்தது. டெனிஸும் நானும் பள்ளிப் பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து அந்தக் குரலைப் பழகினோம். எங்களைக் கூப்பிடாத விருந்துகளுக்கு அந்தக் குரலில் பதில் சொன்னோம். என் அப்பாவுக்கு ஃபேக்டரி வேலை போனதற்கும் அதே குரல். பிற்பாடு என் கணவர் கிரெக் என்னை விட்டுக் கிளம்பியதற்கும் அதே. விவாகரத்து நாளன்று டெனிஸ் நீதிமன்ற வாசலில் என்னைப் பார்த்து, "இனிமே குறட்டைச் சத்தம் இல்லாம என்னத்தைக் கேட்டுத் தூங்குவ?" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றோம், அழவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. ஆகவே அந்தக் குரலை நான் ஒரேயடியாகப் பழிக்கமாட்டேன்.

இப்போது எங்களுக்கு நாற்பத்தைந்து. வாரம் ஒரு பாகத்தை மறுபடி போட்டுப் பார்த்து, அதைப் பற்றி வாய் ஓயப் பேசி, கேட்பவர்களுக்கு அனுப்புகிறோம். கேட்பவர்களும் எங்களைப் போலத்தான், முட்டிவலியும் வாசிப்புக் கண்ணாடியுமாக. அந்த வியாழக்கிழமை நாங்கள் எடுத்துக்கொண்ட பாகத்தில் கிரீட்டாவின் அம்மா, அலுவலகத்திலிருந்து வந்த கையோடு, ஒரு தட்டில் கேக் வைத்துக்கொண்டு மகள் அறைக் கதவைத் தட்டுகிறாள். கிரீட்டா ஏதோ சொல்கிறாள். கதவு மூடுகிறது. பதினாறு வயதில் அந்த இடத்தில் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். இப்போது பார்த்தால், கதவு மூடிய பிறகும் படம் கொஞ்ச நேரம் அந்த அம்மாவின் மேலேயே நிற்கிறது. தட்டை எந்தக் கைக்கு மாற்றுவது என்று தெரியாமல் நிற்கிறாள், பாவம். "இதை நாம கவனிச்சதே இல்லையேடி" என்றாள் டெனிஸ். "வயசானா எல்லாருக்கும் அம்மா மேலதான் பரிதாபம் வருது." நான் தலையாட்டினேன். ஆனால் எனக்கு அந்த அம்மாவின் மேல் வந்தது வேறு. எங்கள் வீட்டில் தட்டோடு நின்றது என் மகள் டெலனி. கதவைச் சாத்தியது நான்.

நடந்தது இதுதான். டெலனிக்குப் பதினேழு வயது. என்னிடமிருந்து எப்படி வந்தாளோ தெரியாது, சந்தோஷமான பிள்ளை. பார்க்கிறவர்களுக்கெல்லாம் கையாட்டுவாள், குளிக்கும்போது பாடுவாள், கடைக்காரரின் சட்டை நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று அவரிடமே சொல்லிவிடுவாள். மூன்று வருடமாக முயன்று, பள்ளி இசை நாடகத்தில் அவளுக்கு முக்கியமான வேடம் கிடைத்தது. செருப்பைக் கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் ஓடி வந்தாள். "அம்மா, எனக்கு! எனக்குக் குடுத்துட்டாங்க!" நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் எனக்கும் குதித்தது, சத்தியமாகக் குதித்தது. வாயில் வந்தது மட்டும் இது: "நல்லது. பக்கத்து வீட்டுக்காரங்க வேற ஊர் பார்த்துக்க வேண்டியதுதான்."

சின்ன வயதில் இதற்கெல்லாம் சிரிப்பாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை. கதவருகே நின்றபடி, "நீ ஒரு தடவை சந்தோஷப்பட்டா செத்தா போயிருவ?" என்று கேட்டாள். நான் கால்நடை மருத்துவமனையில் வரவேற்பில் உட்காருகிறவள். நாயைப் பறிகொடுத்தவர்கள் என் மேசை முன்னால் நின்று அழுவார்கள். அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசுவேன், எல்லோரும் மெச்சுவார்கள். டெலனி விடுமுறைகளில் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள். "நாய்க்காரங்ககிட்ட மட்டும் மனுஷி மாதிரி பேசுற. அதையெல்லாம் நான் பார்த்திருக்கேம்மா." ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா அக்ரனிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்தார். பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு அவரோடு போய்விட்டாள், பள்ளிக்கூடத்துக்கு அங்கிருந்தே வந்துபோவதாக ஏற்பாடு. வாசலில் நின்று நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பூனைக்கு மாசம் ஒருதரம் பூச்சி மருந்து" என்றேன்.

அந்த வாரம்தான் தட்டை நிமிடத்தில் அதைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று பல தடவை யோசித்துவிட்டேன். டெனிஸுக்கு எப்படியாவது தெரியவேண்டும் என்று இருந்தது. எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

பாகம் திங்கட்கிழமை வெளியானது. இத்தனை வருடத்தில் எங்களுக்கு இவ்வளவு கடிதம் வந்ததில்லை. டெனிஸ் நாள் முழுக்க எனக்கு அனுப்பிக்கொண்டே இருந்தாள். ஒருத்தி தன் வேலை போனதைப் பற்றி எழுதி, கீழே 'பூனை மட்டும்தான் திரும்பிப் பார்த்துச்சு' என்று போட்டிருந்தாள். டொலீடோவில் ஒருத்தி அதைக் காபி மக் மேல் அச்சடித்துவிட்டாள். நான் மருத்துவமனையில் ஒரு முயலின் பெயரைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது டெலனியிடமிருந்து செய்தி வந்தது. போன பிறகு அவள் அனுப்பிய முதல் செய்தி. "கேட்டேன். டெனிஸ் ஆன்ட்டி நல்லா சிரிச்சாங்க. கங்கிராட்ஸ்."

முயலை யாரிடமோ ஒப்படைத்துவிட்டுக் கழிவறைக்குள் போய் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதியதெல்லாம் கிரீட்டாவாகவே வந்தது. அழித்தேன். 'மன்னிச்சிரு' என்று எழுதினால் அதுவும் கிண்டல் மாதிரிதான் தெரிந்தது. என் பேரில் போகிற எந்த வார்த்தைக்கும் இனி அவளிடம் மதிப்பில்லை என்று புரிந்தபோது பயமாக இருந்தது. அன்றிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. குளிர்சாதனப் பெட்டியைத் திறப்பேன், மூடுவேன். டெலனி அறைக்குள் போவேன், விளக்கைப் போடாமல் திரும்புவேன். இரண்டு தடவை அக்ரன் வரைக்கும் காரை ஓட்டிப் போய், கிரெக் வீட்டுத் தெருவைத் தாண்டி, பெட்ரோல் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன்.

சனிக்கிழமை மதியம் லேக்வுட்டில் ஒரு மதுக்கடையின் பின்கூடத்தில் ரசிகர்கள் கூடினார்கள். போன வருடமே முடிவான கூட்டம், போகாமல் இருக்க முடியாது. உள்ளே நுழைந்தால் எங்கு பார்த்தாலும் சாம்பல் மழைக்கோட்டு. கொலம்பஸிலிருந்து, எரீயிலிருந்து, பஃபலோவிலிருந்துகூட வந்திருந்தார்கள். கூடத்துக்குள் வெக்கையாக இருந்தது, ஒருத்தரும் கோட்டைக் கழற்றவில்லை. ஒருவரையொருவர் பார்த்து, "நீ வருவன்னு தெரிஞ்சிருந்தா வந்திருக்கவே மாட்டேன்" என்று சொல்லிக் கட்டிக்கொண்டார்கள். எனக்கு அவர்களைப் பிடிக்கும். பதினாறு வயதில் யாரும் சேர்த்துக்கொள்ளாத பிள்ளைகள் எல்லோரும். அன்றைக்கு மட்டும் அத்தனை அரைக்கண் முகங்களையும் பார்க்க மூச்சு முட்டியது.

டெனிஸ் மேடையில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாள். பிரித்தேன். சட்டை. நெஞ்சில் என் வாக்கியம், கீழே திரும்பிப் பார்க்கும் பூனை. கூடம் ஆர்ப்பரித்தது. "சொல்லு! சொல்லு!" என்று மேசையைத் தட்டினார்கள்.

மைக்கை வாங்கினேன். "அது நிஜம்" என்றேன்.

சிரித்தார்கள்.

"இல்ல, நிஜமாத்தான் சொல்றேன். என் மக போயிட்டா. இன்னும் வரல."

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். முன்வரிசையில் ஒருத்தி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரலை மாற்றப் பார்த்தேன், தொண்டை கேட்கவில்லை. முப்பது வருடம் தேய்த்துத் தேய்த்துத் தட்டையாக்கிய குரல். "நான் விளையாடல" என்றேன். அதற்குக் கைதட்டல் வேறு. யாரோ விசிலடித்தார்கள். இந்த உலகத்தில் என்னை நம்பக்கூடிய ஒரே கூட்டம் இதுதான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். சட்டையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, சமையற்கட்டு வழியாக வெளியே வந்துவிட்டேன். அதையும் ஒரு நடிப்பு என்று எடுத்துக்கொண்டு பின்னால் கைதட்டினார்கள்.

வண்டிகள் நிறுத்தும் இடத்தில் ஓரமாக அழுக்குப் பனி குவிந்து கிடந்தது. நான் காரைத் திறப்பதற்குள் டெனிஸ் ஓடி வந்துவிட்டாள். மழைக்கோட்டின் பித்தான் ஒன்றும் போடவில்லை.

"ஏய். நிஜமாவா?"

"ஆமா."

"எப்போ?"

"நாம அந்த கேக் பாகம் பதிவு பண்ணினதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை."

அவள் முகம் ஒவ்வொரு இடமாகக் கலைந்தது. "என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொன்னேனே."

"அதுக்குப் பேரு சொல்றதா? நான் சிரிச்சேன்டி. பாவி, உன் புள்ள போனதுக்கு நான் விழுந்து விழுந்து சிரிச்சிருக்கேன். அதை ஊருக்கே போட்டுக் காட்டியிருக்கேன்." அவளுக்கு அழுகை வந்தது. எனக்குத் தெரிந்து டெனிஸ் அழுததே இல்லை. என் வாயில் ஒரு வரி தயாராக வந்து நின்றது, நல்ல வரிதான். கடித்து விழுங்கினேன்.

"கூப்பிடு அவளை" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இப்பவே."

"என்னன்னு சொல்லட்டும்? நான் பேசினாலே அவளுக்குக் கிண்டலாத்தான் கேட்குது. உள்ள இருந்தவங்களே நம்பல, பார்த்தேல்ல."

"எனக்குத் தெரியாது. கூப்பிடு."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டாள் என்று நான் நினைத்தபோது எடுத்தாள். பின்னால் எங்கோ பியானோ, பிள்ளைகளின் சத்தம். ஒத்திகையில் இருந்திருக்கிறாள்.

"என்னம்மா? தெரியாம கை பட்டுருச்சா?"

"இல்ல."

"அப்ப சொல்லு."

காரின் கதவைப் பிடித்துக்கொண்டேன். "அன்னிக்கு நீ ஓடி வந்தப்ப..." என்று ஆரம்பித்தேன், குரல் உடைந்து கீச்சென்று மேலே போனது. கேட்கவே அசிங்கமாக இருந்தது. நிறுத்தாமல் சொன்னேன். "எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு டெலனி. கையில சோப்பு இருந்துச்சு, இல்லாட்டி உன்னைக் கட்டிப் பிடிச்சிருப்பேன். பொய், சோப்பு இல்லாட்டியும் பிடிச்சிருக்கமாட்டேன். ஆனா பிடிக்கணும்னு இருந்துச்சு."

பியானோ நின்றது. அவள் வேறு இடத்துக்கு நடந்து போயிருக்க வேண்டும், ஒரு கதவு மூடும் சத்தம் கேட்டது.

"இது நிகழ்ச்சிக்கா?" என்று கேட்டாள்.

"இல்லடா."

"டெனிஸ் ஆன்ட்டி பக்கத்துல இருக்காங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இருக்கா" என்றேன்.

டெனிஸுக்கு அது கேட்டுவிட்டது. இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள், வெறும் கை. பிறகு பின்பக்கமாகவே நடக்க ஆரம்பித்தாள். கார்களைத் தாண்டி, குப்பைத் தொட்டியைத் தாண்டி, பனிக்குவியலில் கால் புதையப் புதைய, கம்பி வேலி முதுகில் இடிக்கும் வரைக்கும் போனாள். அதற்கு மேல் போக இடமில்லை. வேலியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, இரண்டு காதிலும் விரலை வைத்து அடைத்துக்கொண்டாள். நான் ஃபோனை இன்னும் அழுத்திப் பிடித்தேன். டெலனி மூச்சு விடுவது கேட்டது.