கறிச்சட்டியோடு கவிழ்ந்தவன்

கனடாவில் ஆற்றுப் படகுப் பயணம் போனவர்கள் மூன்று பேர்: பிக்கரிங் ஊர் ஜனார்த்தன், அவன் மனைவி நிலாணி, நீந்தத் தெரியாததை இருவரிடமும் மறைத்த சிவரூபன்.

மடவாஸ்கா ஆற்றிலும் ஆட்டிறைச்சிக் கறி வேண்டும் என்று சட்டியை மடியில் வைத்துக்கொண்டு கனூப் படகில் ஏறினான் சிவரூபன். சட்டி இடித்ததால் உயிர்காப்பு அங்கியின் பட்டிகளைத் தளர்த்திவிட்டான். ஆறு பாறைகளுக்கிடையே வேகமெடுக்கும் இரண்டாவது பாய்ச்சலில் படகு கவிழ்ந்தது. அங்கி கழுத்தைவிட்டு மேலே கழன்று போக, அவன் சட்டியைக் கட்டிப்பிடித்தபடி தண்ணீருக்குள் தாண்டுபோனான்.

“சட்டியை விடடா, விசரா!” ஜனார்த்தன் பாய்ந்து, தலைமயிரில் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போட்டான்.

“கறி போயிட்டுது மச்சான்,” என்றான் சிவரூபன், இருமலுக்கு நடுவே.

“நீயெல்லோ போகப் பாத்தாய்! நீந்தத் தெரியாதெண்டு ஏன்டா சொல்லேல்லை?”

“சொன்னா விட்டிட்டு வந்திருப்பியள்.”

“இல்லை அண்ணை, கரையில அடுப்புக்குக் காவல் வச்சிருப்பம்,” என்றாள் நிலாணி.

ஸ்காபரோவில் தன் வீடு வரும்வரை நன்றி சொல்ல சிவரூபனுக்கு வாய் வரவில்லை. மாடிவரை கூட வந்த ஜனார்த்தனிடம் வீட்டு வாசலில்தான் சொன்னான்:

“உன்னாலதான் மச்சான் வீட்டை வந்தன்.”

“ஓம், ஓம். உள்ள போய்ப் படு.”

சிவரூபன் உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். பூட்டு விழுந்த பிறகுதான் வெளியே ஜனார்த்தனின் காலடிகள் நகர்ந்தன.