எண்பத்தேழில் ஒரு பங்கு எலுமிச்சம்பழம்

வடக்குப்பட்டு அம்சவல்லிக்கு ரயில் மேல் பெரிய ஆசையெல்லாம் கிடையாது. அவள் ஆசைப்பட்டது ஒரு ரைஸ் குக்கருக்கு. சுங்குவார்சத்திரம் பக்கம் அவள் வேலை பார்க்கும் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இரண்டு வருஷம் இருந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர், ஊருக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை லைனில் இருந்தவர்களுக்குச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒருத்திக்குச் சைக்கிள் விழுந்தது, ஒருத்திக்கு இஸ்திரிப் பெட்டி, பக்கத்துச் சீட்டுக்காரிக்கு அந்த ரைஸ் குக்கர். அம்சவல்லிக்கு வந்த அட்டைப்பெட்டியைத் திறந்தால் உள்ளே பொம்மை ரயில். அன்றைக்குக் கம்பெனி பஸ்ஸில் அவள் அழாத குறை.

அது மூன்று வருஷத்துக்கு முந்திய கதை. இப்போது மாடி ரூமில் ஆறடிக்கு நாலடி பலகை போட்டு, அதன்மேல் வட்டமாகத் தண்டவாளம், ஸ்டேஷன், தெர்மாகோல் மலை, பசையை ஊற்றி உறையவிட்ட ஏரி, மருந்து பாட்டில் மூடியில் தண்ணீர்த் தொட்டி, தீப்பெட்டியில் டீக்கடை என்று ஓர் ஊரையே குடியேற்றி வைத்திருந்தாள். கம்பெனியில் அவளுக்கு மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்து எறும்புக் கால் அளவுக்கு ஈயத்தை உருக்கிச் சால்டர் வைக்கிற வேலை. அந்தக் கைக்குத் தீப்பெட்டி டீக்கடையெல்லாம் எம்மாத்திரம்? ஒரு மேம்பாலமும் கட்டியிருந்தாள். அதை மட்டும் பாதியில் நிறுத்திவிட்டாள். நம்ம பக்கத்தில் முழுசாக முடிந்த மேம்பாலத்தைக் காட்டினால் பார்க்கிறவர்கள் நம்ப வேண்டாமா?

ஷிப்ட் முடிந்து வந்து, தினம் ஒரு மணி நேரம் அந்த ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். லைனில் சூப்பர்வைசர் கூப்பிடுவார், வீட்டில் மாமியார் ராஜம்மா கூப்பிடுவார், புருஷன் பலராமன் தன் பனியனைத் தானே கையில் வைத்துக்கொண்டு 'அம்சா, பனியன் எங்க?' என்று கூப்பிடுவான். யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம் அதுதான். அது போனால் தனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவள் உண்மையாகவே நம்பினாள்.

அதற்குத்தான் வேட்டு வைக்க வந்தது டிரெட்மில்.

பலராமன் ஜேசிபி ஆபரேட்டர். ஒரகடத்தைச் சுற்றி எந்தக் கம்பெனிக்கு அஸ்திவாரம் தோண்டினாலும் அவன் மஞ்சள் வண்டி அங்கே நிற்கும். நாளெல்லாம் சீட்டில் உட்கார்ந்தே இருந்ததில் உடம்பில் சர்க்கரை ஏறிவிட்டது. டாக்டர் நடக்கச் சொன்னார். ரோட்டில் நடக்கலாம் என்றால் கன்டெய்னர் லாரிக்காரன் நம்மையும் சேர்த்து ஏற்றுமதி செய்துவிடுவான். அதனால் டிரெட்மில் வாங்கி ஹாலில் போட்டான். முதல் நாள் ஏறி நடந்ததை ராஜம்மா வெற்றிலை போட்டபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அரை மணி நேரமா நடக்கிற, இன்னும் வாசப்படியே தாண்டலயேடா பாலு" என்றார்.

அதோடு சரி. மறுநாள் முதல் டிரெட்மில்லில் துணி காய்ந்தது. நாலு பேர் பார்க்கிற இடத்தில் நடக்க வெட்கமாக இருக்கிறது, கதவு உள்ள ரூம் வேண்டும் என்று பலராமன் பிடித்த பிடியாக நின்றான். கதவு உள்ள ரூம் என்றால் மாடி ரூம்தான்.

"அந்த ரயிலு ஓடுதா இன்னா? நான் எப்ப எட்டிப் பாத்தாலும் நின்னுகினேதான் கீது. நிக்கிறதுக்கு எதுக்கு ரூமு? பரண்ல நிக்கட்டும்" என்றான்.

"அதெல்லாம் நல்லா ஓடும்."

"அப்ப ஆயுத பூஜைக்குத் தங்கச்சி மஞ்சுளா வூட்டுக்காரங்க எல்லாரும் வருவாங்க. அவங்க முன்னாடி மூணு ரவுண்டு ஓட்டிக் காட்டு. கை வெக்கக் கூடாது, நடுவுல நிக்கக் கூடாது. நின்னா ரூமு எனக்கு."

"ஓடிச்சின்னா?"

"ஓடிச்சின்னா நான் துணிக்கு நடுவுலயே நடந்துக்கறேன்."

நடுவராக ராஜம்மாவை வைத்தார்கள். அவர் இரண்டு பேரையும் பார்த்து, தலையெழுத்து என்பது போல் நெற்றியில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு ஒத்துக்கொண்டார்.

பூஜைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஓடினால் மட்டும் போதாது, பார்க்கவும் லட்சணமாக இருக்க வேண்டும் என்று அம்சவல்லி நினைத்தாள். பாதி மேம்பாலம் வெறிச்சென்று நின்றது. அதன் காலடியில் வேலை நடக்கிற மாதிரி ஒரு சின்ன ஜேசிபி, ஒரு கிரேன், ஒரு கான்கிரீட் லாரி மூன்றையும் ஆன்லைனில் வரவழைத்து நிறுத்தினாள். மரத்தூளுக்குச் சாயம் போட்டு மண்மேடு குவித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பலராமன் அளவு டேப்போடு ரூமுக்குள் வந்தான். டிரெட்மில்லை எந்த மூலையில் போடலாம் என்று ஜெயிப்பதற்கு முன்பே அளக்க வந்திருந்தான். அளந்துகொண்டே வந்தவன் மேம்பாலத்துப் பக்கம் வந்ததும் நின்றுவிட்டான்.

"இன்னா இது?"

"ஜேசிபி."

"அது தெரியுது. பக்கெட்டை மேல தூக்கிகினு நிக்குதே, எவன் இதுக்கு ஆபரேட்டரு? வேல முடிஞ்சா பக்கெட்டைத் தரையில எறக்கி வெக்கணும். தூக்கினபடியே உட்டுட்டு எறங்கினா சைட்ல செருப்பால அடிப்பாங்க."

குனிந்து, இரண்டு விரலால் பக்கெட்டை இறக்கி வைத்தான். நெற்றியில் பொட்டு வைக்கிற நிதானத்தில் வைத்தான். பிறகு மண்மேட்டைப் பார்த்தான். அவன் முகம் கோணியது.

"இது மண்ணா? மண்ணுன்னா இப்படியா குமியும்?"

ஆசை யாரை விட்டது? மறுநாள் சைட்டிலிருந்து ஒரு கைப்பிடி நிஜ மண்ணைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தான். அதை டீ வடிகட்டியில் சலித்தான். அடுத்த நாள் காலை டீயைக் குடித்த ராஜம்மா, ஏரியில் முங்கி எழுந்தவர் மாதிரி துப்பினார். ஜல்லி வேண்டும் என்று முக்கால் இஞ்ச் ஜல்லி நாலைக் கொண்டுவந்து வைத்தான். ஒவ்வொன்றும் டீக்கடையில் பாதி இருந்தது.

"இங்க எல்லாமே எண்பத்தேழுல ஒரு பங்கு" என்று அம்சவல்லி விளக்கினாள். "ரயிலு, வூடு, மனுஷன், கல்லு எல்லாமே. நெசத்துல எண்பத்தேழு அடின்னா இங்க ஒரு அடி."

"அப்ப நான் எவ்ளோ உசரம் இருப்பேன்?"

"ரெண்டு சென்டிமீட்டர் இருப்பீங்க."

"தொப்ப?"

"அது எந்தக் கணக்குக்கும் அடங்காது."

அன்றிலிருந்து அவனுக்கு எண்பத்தேழு பித்துப் பிடித்தது. சாப்பிட உட்கார்ந்தால் இட்லிக்கு எண்பத்தேழில் ஒரு பங்கு எவ்வளவு என்பான். எருமை எவ்வளவு, தென்னைமரம் எவ்வளவு, மஞ்சுளா எவ்வளவு என்பான். சாயங்காலம் அவள் கதவைச் சாத்துவதற்கு முன்பே உள்ளே போய் நின்றுகொண்டு, கிரேன் இந்தச் சரிவில் நின்றால் கவிழ்ந்துவிடும் என்று வாதாடுவான். ரூமைக் காலி பண்ண வந்தவன் அதற்குள் சாலை போட்டுக்கொண்டிருந்தான். அம்சவல்லிக்குச் சிரிப்பதா, கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதா என்று தெரியவில்லை. அவளுடைய ஒரு மணி நேரத்தில் முக்கால்வாசியை அவனே தின்றான். ஆனால் பந்தயத்தை மட்டும் அவன் விடவில்லை. விட்டுவிடலாமா என்று ஒரு தடவை அவள் கேட்டுப் பார்த்ததற்கு, "பேச்சு பேச்சுதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி மண்ணைத் தட்டப் போய்விட்டான்.

பூஜைக்கு முதல் நாள் தண்டவாளத்தை அங்குலம் அங்குலமாக ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகத்தான் என்ஜினுக்குக் கரன்ட் ஏற வேண்டும். நடுவில் ஒரு பிசுக்கு இருந்தாலும் வண்டி படுத்துவிடும். துடைத்துவிட்டு இருபது ரவுண்டு ஓட்டிப் பார்த்தாள். எங்கும் நிற்கவில்லை.

பூஜையன்று விடிந்ததும் வாசலில் பெரிய ஜேசிபியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, பூசணிக்காயைப் போட்டு உடைத்தான் பலராமன். பத்து மணிக்கு மறைமலை நகரிலிருந்து அவன் தங்கை மஞ்சுளா புருஷனோடும் இரண்டு பிள்ளைகளோடும் வந்து சேர்ந்தாள். வரும்போதே, "அண்ணி, ரயிலு எத்தினி மணிக்கு? டிக்கெட் எடுக்கணுமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நாத்தனார் என்றால் சும்மாவா?

எல்லாரும் கையில் பொரி கடலையோடு மாடி ரூமில் நெருக்கியடித்து நின்றார்கள். ராஜம்மாவுக்கு மட்டும் நாற்காலி. அம்சவல்லி கரன்ட்டைக் கூட்டுகிற குமிழைத் திருகினாள். நீல என்ஜின் மூன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஸ்டேஷனை விட்டுக் கிளம்பியது. ஏரியைச் சுற்றி, மலையைக் குடைந்து, மேம்பாலத்தின் அடியில் புகுந்து திரும்பி வந்தது.

"ஒண்ணு" என்றார் ராஜம்மா.

இரண்டாவது சுற்றில் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் லேசாகத் தயங்கியது. ஆனாலும் வந்துவிட்டது.

"ரெண்டு."

மூன்றாவது சுற்றில் மேம்பாலத்துக்கு அடியில் போன என்ஜின் விக்கியது, ஒரு தடவை உதறியது, அப்படியே நின்றுவிட்டது. அவள் குமிழைக் கடைசி வரைக்கும் திருகினாள். அசையவில்லை.

"அண்ணா, டிரெட்மில்லை இப்பவே தூக்கியாந்துடலாமா?" என்றாள் மஞ்சுளா.

அம்சவல்லிக்குக் கண்ணில் நீர் முட்டியது. அதை யாரும் பார்க்கக் கூடாது என்று சட்டென்று பலகை மேல் குனிந்து தண்டவாளத்தைத் தொட்டாள். விரலில் மஞ்சளாக ஒட்டியது. மோந்து பார்த்தாள். சந்தனம்.

மேம்பாலத்து ஓரமாக, தண்டவாளத்தின் மேல் ஒரு முழு விரல் அகலத்துக்குச் சந்தனம் மூன்று இழுப்பாக இழுபட்டிருந்தது. இரண்டு சுற்றில் அது சக்கரமெல்லாம் அப்பியிருந்தது. பக்கத்தில் சின்ன ஜேசிபி. அதன் கண்ணாடிக்கு மேலே தீக்குச்சி முனையால் வைத்த சந்தனப்பொட்டு, அதன் நடுவில் குங்குமம். எதிரே புது ரோட்டில் ஒரு மிளகு இரண்டாக உடைந்து கிடந்தது. உள்ளே குங்குமம் தடவியிருந்தது. அவள் இன்னும் குனிந்தாள். நாலு சக்கரத்துக்கும் அடியில் ஒவ்வொரு ரவை. எண்ணி நாலே நாலு ரவை, மஞ்சள் தடவி.

எலுமிச்சம்பழத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு ஒரு ரவை என்று தெரிந்தவர்கள் இந்த வீட்டில் இரண்டே பேர். அவள் வைக்கவில்லை. அந்தத் தடித்த விரல்களால் நாலு ரவைக்கு மஞ்சள் தடவி, சக்கரத்துக்கு ஒன்றாக வைக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று நினைத்தாள். எல்லாவற்றுக்கும் அளவு பார்த்த மனுஷன் சந்தனத்துக்கு மட்டும் பார்க்கவில்லை. சாமி விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது என்று அள்ளி வைத்துவிட்டான்.

இதைச் சொன்னால் பந்தயம் செல்லாது, ரூம் அவளுக்கு. ஆனால் நாற்பத்திரண்டு வயது ஆபரேட்டர் பொம்மை வண்டிக்கு மிளகு உடைத்துப் பூஜை போட்ட கதையை மஞ்சுளா மறைமலை நகர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள். இனி வருகிற எல்லாக் கல்யாணத்திலும் அவன் அந்தக் கதையைக் கேட்டாக வேண்டும். தன் மேல் இத்தனை பிரியம் வைத்தவனையா அப்படி நிற்க வைப்பது? தன் மேல் இல்லை, தன் ரயில் மேல்தான். அவளுக்கு அது இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது.

நிமிர்ந்து, விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"நின்னுடிச்சி. நான் தோத்துட்டேன்" என்றாள்.

பலராமன் அவள் புடவையில் இருந்த மஞ்சள் கறையைப் பார்த்தான். பிறகு தண்டவாளத்தைப் பார்த்தான். அவன் முகம் வெளிறிப் போனது. ஜெயித்தவன் முகமா அது?

"இல்ல" என்றான். "ரயிலு மேல தப்பு இல்ல. சந்தனம் வெச்சது நான்."

"எதுக்குடா ரயிலுக்குச் சந்தனம்?" என்றார் ராஜம்மா.

"காத்தால வண்டிக்குப் பூஜ போட்டேன். தோ, அந்த வண்டிக்கு." சின்ன ஜேசிபியைக் காட்டினான். "எலுமிச்சம்பழம் வெச்சேன், பூசணிக்கா ஒடச்சேன். வேல செய்யிற வண்டி, சும்மா வுட மனசு வரல. ரயிலு மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சின்னு தண்டவாளத்துக்கும் மூணு இழுப்பு இழுத்தேன்."

மஞ்சுளா குனிந்து மிளகைப் பார்த்தாள். அவ்வளவுதான், பொரி தொண்டையில் சிக்கி, இருமி, சிரித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் புருஷன் செல்போனை எடுத்து ரவையைப் படம் பிடித்தான். பிள்ளைகள் இரண்டும் இன்னொரு மிளகு உடைக்கச் சொல்லி மாமனை நச்சரித்தன. பலராமன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு மண்மேடு மாதிரி நின்றான்.

ராஜம்மா நாற்காலியை விட்டு எழுந்தார்.

"முட்டுக்கட்ட போட்டா தேரு நிக்கும். அதுக்காவ தேரு ஓடலன்னு எவனாவது சொல்லுவானா? சாமிக்கு வெச்சதுல நின்னது நின்னதா ஆவாது. தொடச்சிட்டு உடுங்க, மூணாவது ரவுண்ட நான் பாக்கணும்" என்றார்.

பலராமன் புது வேட்டியின் நுனியாலேயே தண்டவாளத்தைத் துடைத்தான். சக்கரங்களை அவள் துடைத்தாள். மூன்றாவது சுற்றில் ரயில் குலுங்காமல் வந்து ஸ்டேஷனில் நின்றது. ரூம் அவளுக்கு என்று தீர்ப்பாகி, எல்லாரும் சாப்பிடக் கீழே இறங்கினார்கள். மஞ்சுளாவின் சிரிப்பு படிக்கட்டு முழுக்கக் கேட்டது.

பலராமன் கடைசியாக வாசல்படியில் நின்று ஜெயித்ததும் அளக்க எடுத்து வந்திருந்த அளவு டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பாக்கெட்டில் போட்டான்.

"இனிமே நான் இங்க வரல. உன் ரூமு, நீ நிம்மதியா இரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினான்.

யாரும் வராத ரூம் வேண்டும் என்றுதான் அவள் இத்தனை நாளும் மல்லுக்கட்டினாள். இப்போது கிடைத்துவிட்டது. பலகை மேல் பாதி மேம்பாலமும் ஆள் இல்லாத ஜேசிபியும் நின்றன. அவற்றைப் பார்த்துக்கொண்டு அவளால் அரை நிமிஷம்கூட இருக்க முடியவில்லை.

"இன்னாங்க" என்று கூப்பிட்டாள். "பாலத்துக்கு அந்தப் பக்கம் பள்ளம் தோண்டணும். எனக்குத் தோண்டத் தெரியாது."

அவன் சாப்பாட்டை மறந்து உள்ளே வந்தான்.