பெரியநாயகம் அடைத்த மடை

ஒரு பட்டு முந்தானையில் விட்டுப்போயிருந்த சின்ன இடைவெளியைப் பெரியநாயகம் அடைத்தார். அந்த இடம் தறியில் நெய்யப்பட்ட காலையில், ஆரணிக்குத் தெற்கே துரையின் கழனிக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் நின்றுபோனது. ஊரில் இதை யாரும் அதிசயம் என்று சொல்லவில்லை. அந்த வாரம் தக்காளி விலை ஏறியதைத்தான் அதிகம் பேசினார்கள்.

பெரியநாயகம் படங்களைப் புடவைக்குக் கொண்டுவருகிறவர். மயிலோ மாங்காயோ எது வந்தாலும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் பிரித்து, தறியின் மேல் ஏறும் அட்டைகளில் துளையாக அடித்துக் கொடுப்பார். ஒரு துளை விட்டுப்போனால் ஒரு நூல் எழாது. புடவை பல் விழுந்தது போலத் தெரியும். அதனால் எங்கே கோடு அறுந்திருந்தாலும் அவர் கை தானாகப் போய் அடைத்துவிடும். ஞாயிறு ஆராதனையில்கூட, ஜெபத்துக்கு நடுவே, பீடத்து விரிப்பில் அறுந்திருந்த பூக்கொடியைக் கண்ணாலேயே தைத்துக்கொண்டிருப்பார். கர்த்தர் இதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளமாட்டார் என்று நம்பினார்.

அவர் மகள் பிரிஸில்லா கல்யாணங்களுக்கு ட்ரோன் பறக்கவிட்டுப் படம் எடுப்பாள். மாசியில் ஜ்வாலாமாலினி அம்மாள் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் போனபோது, மேலேயிருந்து பார்த்தால் அந்த அம்மாளின் கேழ்வரகுக்குள் வேறொரு காலத்தின் கழனிகள் தெரிந்தன. மண்ணுக்கடியில் பழைய வரப்பு கெட்டித்துக் கிடந்த இடத்தில் பயிர் வெளுத்திருந்தது. பழைய வாய்க்கால் தூர்ந்த இடத்தில் கரும்பச்சையாக நின்றது. சின்னச் சின்ன வளைந்த பாத்திகள். எந்த ராஜா காலத்தவையோ. அவற்றின் நடுவே ஒரு வாய்க்கால் ஓடி, கடைசி வரப்பில் விட்டிருந்த மடை வழியாகப் பக்கத்துத் துரையின் நிலத்துக்குள் போயிற்று. முன்பு தொல்லியல்காரர்களுக்காக ஒருமுறை ட்ரோன் ஓட்டியிருந்ததால் பிரிஸில்லாவுக்கு இது புரிந்தது. அம்மாளுக்கும் துரைக்கும் காட்டினாள்.

அவர்களுக்கும் ஒரு சங்கதி விளங்கியது. துரையின் போர்வெல் முந்தின வருஷமே வறண்டுவிட்டது. ஆனாலும் அவர் நெல் காயவில்லை. அம்மாள் கேழ்வரகுக்கு இறைக்கும் தண்ணீரில் ஒரு பங்கு, மேலே வாய்க்கால் எதுவும் இல்லாமலே, மண்ணுக்குள் நடந்துபோய் அவர் நெல்லின் காலடியில் ஊறிக்கொண்டிருந்தது. இதுவரை வழிதான் தெரியாமலிருந்தது. தெரிந்த பிறகு அம்மாள் மோட்டாரை இன்னும் கொஞ்ச நேரம் ஓடவிட்டார். ஏனென்று கேட்டவர்களிடம், "உள்ள போற தண்ணிய நான் எப்படிங்க புடிச்சி வைக்கிறது?" என்றார்.

பிரிஸில்லா அந்தப் படத்தை அப்பாவின் கம்ப்யூட்டரில் போட்டுவைத்தாள். கடைக்காரர் யாரோ அனுப்பிய டிசைன் என்று பெரியநாயகம் நினைத்துக்கொண்டார். புது மாதிரியாக இருக்கிறதே என்று மகிழ்ந்து, முந்தானையாக வரைந்தார். கடைசிக் கோட்டில் ஓர் இடம் அறுந்திருந்தது. அடைத்தார். அட்டைகள் நெசவாளர் தணிகாசலத்தின் தறிக்குப் போயின.

தண்ணீர் நின்ற சில நாளில் துரையின் கழனி வெடிக்கத் தொடங்கியது. நெல் பால் பிடிக்கும் நேரம். அம்மாள் மோட்டாரை எவ்வளவு ஓடவிட்டும் ஒரு சொட்டு அந்தப் பக்கம் போகவில்லை. துரை பிரிஸில்லாவுக்குப் போன் செய்தார். "இன்னொரு வாட்டி மேல இருந்து பாரும்மா. இந்த வெள்ளாமையும் போச்சின்னா கழனிய மனைக்குக் குடுத்துட்டுப் போய்கினே இருப்பேன்."

அவள் போய் எடுத்துவந்தாள். மடை இருந்த இடத்தில் கேழ்வரகு வெளுத்து, வரப்பு மூடிக்கிடந்தது. மூடிய இடத்தில் கோடு நேராகப் போகாமல் மூன்று படியாக இறங்கி ஒரு சின்னக் கொக்கியில் முடிந்தது. பெரியநாயகம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். அறுந்த கோட்டை அப்படி இணைப்பவர் ஆரணியில் அவர் ஒருவர்தான்.

"இது என் கை, பிரிஸில்லா."

"எதப்பா?"

"மடைய அடைச்சது."

தணிகாசலம் முதலில் ஒப்பவில்லை. "நல்லா நெய்ஞ்சி முடிச்ச முந்தானையப் பிரிக்கச் சொல்றியே, உனக்கு இன்னா ஆச்சு? கல்யாணப் புடவை இது. கடைக்காரன் ஜல்தி ஜல்தின்னு கேட்டுகினு இருக்கான்."

"கழனி காஞ்சிகினு இருக்குது, தணிகாசலம்."

"யார் கழனி?"

"துரைன்னு ஒருத்தர். உனக்குத் தெரியாது."

தணிகாசலம் மனைவி கலைமகள் அதற்குள் பாயைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "தெரிஞ்சவங்களுக்குத்தான் தண்ணி வுடணுமா? விளக்கப் போடுய்யா. ஜரிகை முறியாம நான் எடுக்கறேன்."

மூவரும் குறுக்கே ஓடிய ஊடை நூலை இழை இழையாகப் பிரித்தார்கள். பெரியநாயகம், தான் அதிகமாக அடித்திருந்த துளைகளின் மேல் ஒவ்வொன்றாகக் காகிதம் ஒட்டினார். ஒட்டும்போது உதடு அசைந்தது, ஜெபம்தான். பிறகு தணிகாசலம் தறியில் உட்கார்ந்து, ஊடை நூல் சுற்றிய நாடாவை மறுபடி ஓட்டினார். வரப்பின் கோடு வந்தது, நின்றது, கொஞ்சம் இடம்விட்டு மறுபடி தொடர்ந்தது. கலைமகள் டீ ஆற்றிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. "வந்துகினு இருக்குதுங்க," என்றார் துரை. அவருக்குப் பின்னால் தவளைச் சத்தம் கேட்டது.

நெல் தேறியது. கழனி மனையாகவில்லை. ஜ்வாலாமாலினி அம்மாள் ஒருநாள் புடவையைப் பார்க்க வந்தார். புழுவைக் கொன்று எடுப்பது என்று பட்டுக் கட்டாதவர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "என் கழனி, நானே உடுத்த முடியாது பாருங்க," என்று சிரித்தார். அந்த டிசைன் நன்றாக விற்றது. விட்டுப்போயிருக்கிறதே என்று கேட்கிறவர்களிடம், அது அப்படித்தான் என்று கடைக்காரர்களே சொல்லப் பழகிக்கொண்டார்கள். பெரியநாயகம் பீடத்து விரிப்பைக் கண்ணால் தைப்பதையும் விட்டுவிட்டார்.

அடுத்த வருஷம் மழை பொய்த்தது. துரையின் நிலத்துக்கு அடுத்த பள்ளத்தில் பயிர் வைத்திருந்த பாலு என்பவர் செருப்பைக் கழற்றிவிட்டு பெரியநாயகத்தின் டிசைன் கடை வாசலில் வந்து நின்றார். தன் பக்கமும் ஒரு மடை விடமுடியுமா என்று கேட்டார்.

"துரையக் கேட்டீங்களா?"

"அவர்தாங்க அனுப்பினாரு."

பெரியநாயகம் படத்தைத் திறந்து, நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டார். "உக்காருங்க. எந்த இடம்னு சொல்லுங்க."