சென்டர் ஹாஃப் கேட்ட பத்து நாள்

இடைவேளை விசில் ஊதியபோது, நடுவில் சென்டர் ஹாஃப் ஆடும் மார்சலினின் வலது முழங்கால் மடங்க மறுத்தது. மைதானக் கோட்டுக்கு வெளியே காலை நீட்டி உட்கார்ந்தான். முட்டியைச் சுற்றிக் கட்டியிருந்த துணிக்கு மேலும் கீழும் சதை பிதுங்கி நின்றது. பின்பாதி நாற்பது நிமிஷம் இந்தக் கால் தாங்கும். அதற்கப்புறம் பந்து விளையாட்டே கிடையாது. அது அவனுக்குத் தெரியும். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சுந்தரலிங்கத்துக்கும் தெரியும் என்பதுதான் சங்கடம்.

புத்தளத்து உப்பளத்தில் வளர்ந்தவன். எந்தக் காலத்திலோ வெள்ளைக்காரன் ஆப்பிரிக்காவிலிருந்து பட்டாளத்துக்கு இழுத்து வந்தவர்களின் வம்சம்; ஊர் வாயில் காப்பிலி. பதினெட்டு வயதிலிருந்து பந்துதான் சோறு போட்டது. முதலில் உப்பளக் கோஷ்டி, பிறகு அநுராதபுரத்தில் ஒரு லொறி முதலாளியின் கோஷ்டி, 1956இலிருந்து மாத்தளையில் ஹீன்கந்த ரப்பர் தோட்டம். தோட்டத்தை நடத்தும் தொரை கூட்டி வந்தபோது ஒரே பேச்சுதான்: பந்துக்குப் போகும் நாளுக்கும் செக்ரோலில், அதாவது வேலைநாள் பதியும் பேரேட்டில், முழுநாள் பேர் விழும். பேர் விழுந்தால்தான் சம்பளம், அரிசி. இந்தப் பருவத்தில் பத்து நாள் விழவில்லை.

"ஐயா, செக்ரோல் கொண்டாந்திருக்கீங்களா?"

"மொதல்ல கப்ப எடு. பொறவு பாப்போம்."

"பொறவு நீங்க என்னப் பாக்க மாட்டீங்க. என் காலத்தான் பாப்பீங்க."

சுந்தரலிங்கம் வெற்றிலையைக் குதப்பியபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டவுன் கோஷ்டியோடு கப்புக்கான கடைசி ஆட்டம்; ஒன்றுக்கு ஒன்று. நடுவர் நுஹ்மான் மாஸ்டர் பந்தை நடுவில் வைத்தார். மார்சலின் நொண்டிக்கொண்டே போய் அதன்மேல் உட்கார்ந்தான்.

டவுன்காரர்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது: "டேய் காப்பிலி, முட்டையா அடகாக்குற?"

"ஆமாடா. பொரிச்சா ஒனக்கும் ஒண்ணு தாறேன்."

மைதானமே சிரித்தது. கொட்டகையில், டவுன் பெரிய மனுஷர்கள் நடுவே இருந்த தொரை சிரிக்கவில்லை. போய் எழுது என்பதுபோல் சுந்தரலிங்கத்தைப் பார்த்து விரலை அசைத்தார்.

நுஹ்மான் மாஸ்டர் கைக்கடிகாரத்தைத் தட்டினார். "ரெண்டு நிமிஷம் தாறேன் மார்சலின். பொறகு வெளியதான்."

கணக்கப்பிள்ளை செக்ரோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிவந்து, புல்லில் குந்தி எழுதினார். முன்வரிசையில் ஆடும் சிவலிங்கம் எட்டிப் பார்த்தான். "அஞ்சு நாள்தாண்ணே எழுதியிருக்காரு."

"மிச்சம் அஞ்சு?"

"கப்புக்குப் பொறவு," என்றார் சுந்தரலிங்கம். "அரைவாசி குடுத்தாச்சில்ல, எந்திரி."

"அரைவாசி. சரிங்க."

எழுந்தான். அதன்பிறகு அவன் ஓடவில்லை, பந்தை ஓடவைத்தான். நடுவில் நின்றபடியே டவுன்காரன் காலிலிருந்து பறித்து, இடமும் வலமுமாகத் தள்ளினான். பதினாறாம் நிமிஷம் அப்படித் தள்ளியதொன்றைச் சிவலிங்கம் கோலுக்குள் அடித்தான். இரண்டுக்கு ஒன்று.

"மாஸ்டர், எத்தன நிமிஷம் ஆச்சு?"

"இருவது."

பந்து அவன் காலடியில் இருந்தது. குனிந்து கையில் எடுத்தான். விசில் ஊதிய நுஹ்மான் மாஸ்டரிடமே கொடுத்துவிட்டு வெளியே நடந்தான்.

"எங்கடா போற?" என்று சுந்தரலிங்கம் கத்தினார்.

"அரைவாசிக்கு அரைவாசி, ஐயா. மிச்சத்த எழுதுங்க, மிச்சத்த ஆடுறேன்."

சுந்தரலிங்கத்தின் கையில் பேனா இருந்தது. தொரையைப் பார்த்தார். தொரை தலையை ஆட்டவில்லை. மார்சலின் கோட்டோரத்திலேயே காத்திருந்தான். டவுன் மூன்றுக்கு இரண்டு என்று கப்பை எடுத்துக்கொண்டு போனது.

திங்கட்கிழமை, தோட்டம் அவனுக்குக் கொடுத்திருந்த லயத்துக் காம்பராவைக் காலிபண்ணச் சொன்னார்கள். பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவன் நேரே தோட்டத்து ஆபீஸ் வாசலுக்குப் போனான். வேலைக்குப் பேர் கொடுக்கும் காலைப் பிரட்டுக்கு நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னான்:

"ஹீன்கந்த தோட்டம் எனக்கு அஞ்சு நாள் பேர் பாக்கி."